பூ ஏற்றும் வண்டிக்கு ஒரு பாட்டுப் பெட்டி

பழைய காருக்குப் பாட்டுப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள், விடியற்காலை மூன்றரை மணிக்குத் தனியாக வண்டி ஓட்டிப் பார்க்காதவர்களாகத்தான் இருப்பார்கள். மல்லிகை போட்டிருப்பவருக்கும் காய்கறி போட்டிருப்பவருக்கும் அந்த நேரத்தில்தான் வேலை. பக்கத்து சீட்டில் பூ மூட்டை. ரோட்டில் ஆள் கிடையாது. ஒரு பாட்டு ஓடினால் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் ஏறிக்கொண்ட மாதிரி.

வானொலிக்கும் வயலுக்கும் உள்ள உறவும் பழையது. 1960-களில் ஆடுதுறை 27 ரகத்தை வானொலி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள், அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே, விவசாயி வண்டியில் வானொலி கேட்பதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அதை எப்படி மாட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மல்லிகை வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு அந்த விஷயம் ஒரு மார்கழியில் புரிந்தது.

எட்டு நாள் கணக்கு

அவரிடம் இருப்பது 2004-ம் வருடத்து மாருதி 800. மூன்றாவது கையாக வாங்கியது. வாங்கும்போதே உள்ளே ஒரு செட் இருந்தது. யார் மாட்டினார்கள் என்று தெரியாது. பட்டனை அமுக்கினால் பாடும். இன்னொரு முறை அமுக்கினால் நிற்கும். சாவி வண்டியில் இருந்தாலும் பாடும், இல்லாவிட்டாலும் பாடும். வசதியாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருமே நினைத்தார்கள்.

பனி விழும் மாதத்தில் மல்லிகை வரத்து குறைந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தாலும் அரைக் கிலோ, ஒரு கிலோதான். அதற்காகக் காரை எடுப்பானேன் என்று, கிடைத்த பூவைப் பக்கத்துக் காட்டுக்காரரின் பைக்கில் கொடுத்துவிட்டார். கார் எட்டு நாள் நிழலில் நின்றது. பொங்கலுக்கு முந்தைய நாள் மூன்று கிலோ பூ இருந்தது. வரத்து இல்லாத நேரத்தில் பண்டிகையும் வந்தால் மல்லிகை விலை எங்கே போகும் என்று பூ விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று கிலோ 2,400 ரூபாய் என்று முதல் நாள் இரவே போனில் சொல்லியிருந்தார்கள்.

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து தள்ளியும் வண்டி பிடிக்கவில்லை. பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் தள்ளி எடுத்துவிடலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி முழுதாக இறங்கிப் போயிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பலன் இல்லை. கடைசியில் பஸ் பிடித்து மார்க்கெட்டுக்குப் போனபோது, வெளியூர் வியாபாரிகள் கட்டி அனுப்பி முடித்திருந்தார்கள். கிலோ 1,700-க்குத்தான் போனது. மூன்று கிலோவுக்கு 2,100 ரூபாய் நஷ்டம்.

அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் மோட்டார் காயில் கட்டுபவர். முறைக்கு மாமா. பேட்டரியை சார்ஜ் போட்டு மாட்டிவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்தார். வண்டி அணைந்திருக்கிறது, சாவி கையில் இருக்கிறது, பாட்டும் நிறுத்தியிருக்கிறது. ஆனாலும் மீட்டர் 0.15 ஆம்பியர் காட்டியது.

“ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம் மாப்ள. அதை 0.15-ஆல பெருக்கு. 3.6 வருதா? எட்டு நாளைக்கு 29. உன் பேட்டரியே 35 ஆம்பியர்-அவர்தான். அதுலயும் பழசு. சொட்டு நீர்ல ட்யூப் ஓட்டையாகி விடிய விடிய ஒழுகுற மாதிரி ஒழுகியிருக்கு.”

செட்டை வெளியே இழுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி, நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். டேப் பிசின் வெயிலில் உருகி வழிந்து, முறுக்கு வெளியே தெரிந்தது. வழியில் எங்கேயும் பியூஸ் இல்லை. வண்டி எரியாமல் இருந்ததே அதிர்ஷ்டம் என்றார் மாமா.

“ஏங்க, பாட்டுக் கேக்குறது அப்புறம். சாவியைத் திருப்புனா வண்டி எடுக்குமா, அதை மொதல்ல பாருங்க” என்றார் அவர் மனைவி. புது செட் மாட்டுவதற்கு அதுவே சட்டமாகிப் போனது.

தெரிந்த பாடம்தான்

பட்ஜெட் பெரிதில்லை. புளூடூத், பென் டிரைவ், எஃப்.எம். உள்ள செட் 1,400 ரூபாய். ஸ்பீக்கர் ஒரு ஜோடி 900. வயர், பியூஸ் ஹோல்டர், லக், ஸ்லீவ் எல்லாம் சேர்த்து 260. கடையில் மாட்டித் தர 500 கேட்டார்கள். 500 பெரிய தொகை இல்லை. ஆனால், உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இன்னொரு தடவை மாட்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

“கிணத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பாக்ஸ் மாட்டத் தெரியுதுல்ல? அதே கணக்குதான்” என்றார் மாமா. கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். வீட்டில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் காரில் எரியாது. 12 வோல்ட் அதற்குப் போதாது. மல்டிமீட்டர் இல்லாவிட்டால், பைக் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. மைனஸ் ஏற்கெனவே பாடியோடுதான் சேர்ந்திருக்கிறது. அதைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது. பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் வைத்தது போலத் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசி.

சாவி சொன்னால்தான் சிவப்பு

செட்டின் பின்னால் இருந்து வரும் வயர்களின் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனாலும், செட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள், எப்போதும் கரண்ட் இருக்கும் வயர். கடிகாரமும், பிடித்து வைத்த எஃப்.எம். நிலையங்களும் மறக்காமல் இருப்பதற்கு அது வேண்டும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டிய வயர். செட் விழிக்க வேண்டுமா, தூங்க வேண்டுமா என்று சொல்வது அதுதான். இரண்டையும் சேர்த்து பேட்டரியில் கொடுத்தால் செட் முழுதாகத் தூங்குவதே இல்லை. அவர் வண்டியில் நடந்தது அதுதான்.

சிவப்புக்கு இடம் தேட டெஸ்ட் பல்பை எடுத்துக்கொண்டு, மைனஸைத் தற்காலிகமாக மாட்டினார். சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும். எடுத்தால் அணைய வேண்டும். அப்படி ஒரு வயரை டேஷ்போர்டுக்குக் கீழே கண்டுபிடித்தபின், மைனஸை மறுபடி கழற்றிவிட்டு சிவப்பை அதில் சேர்த்தார்.

மஞ்சளை பேட்டரி பிளஸ்ஸில் இருந்தே எடுத்தார். பியூஸ் ஹோல்டரை பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தார். பியூஸ் செட்டைக் காப்பதற்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமாக அது காப்பது வயரை. செட்டுக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்தால், நடுவில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டால் அந்த பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. வயர் சிவந்து எரியும். 10 ஆம்பியர் என்று செட்டில் போட்டிருந்தால் 10-தான். அது போய்விட்டால் சிகரெட் பேப்பரைச் சுற்றி வைப்பது, பியூஸ் கட்டையில் கம்பியை இரட்டையாகப் போட்டு மோட்டார் காயிலைக் கருக்குவது போன்ற வேலை. இன்ஜின் பக்கத்தில் இருந்து உள்ளே வயர் வரும் தகர ஓட்டையில் ரப்பர் புஷ் கட்டாயம். தகர விளிம்பு கத்தி மாதிரி. வண்டி குலுங்கக் குலுங்க வயரின் தோலை அறுத்துவிடும்.

கறுப்பு, எர்த். டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, லக் வைத்து இறுக்கினார். துரு பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ். பெயின்ட் மேலேயே எர்த் வைத்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஙொய்’ என்று ஒரு இரைச்சல் பாட்டோடு சேர்ந்து ஏறும். நீல வயர் ஆன்டெனா மோட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஆன் செய்யச் சொல்லும் சிக்னல் கொடுப்பது. அவருக்கு அது தேவையில்லை. அதன் நுனி எங்கும் படாதபடி ஸ்லீவ் போட்டு மடித்துக் கட்டினார். இணைப்புகள் எல்லாம் பற்றவைத்தவை. மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். டேப்பை நம்பவில்லை.

ஒரு சின்ன செல்லும் ஐம்பது வாட்ஸும்

ஸ்பீக்கருக்கு வண்டியில் ஏற்கெனவே ஓடியிருந்த பழைய வயர்களை அவர் தொடவில்லை. கேசட் காலத்து செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியிலேயே கொடுப்பார்கள். இப்போதைய செட்டில் அப்படிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஐ.சி. போய்விடும். ஸ்பீக்கரின் இரண்டு வயரும் செட்டுக்கே திரும்ப வர வேண்டும். வெள்ளை ஜோடி இடது முன்பக்கம், சாம்பல் ஜோடி வலது முன்பக்கம். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். பின்பக்கத்துக்கான பச்சையும் ஊதாவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவற்றின் நுனிகளையும் தனித்தனியாக மூடினார்.

ஸ்பீக்கரில் எது பிளஸ் என்று குறி தெரியாவிட்டால் டார்ச் செல் ஒன்று போதும். செட்டோடு சேர்க்கும் முன்னால், செல்லின் இரண்டு முனையையும் ஸ்பீக்கரில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் ‘டப்’ என்று சத்தம் வரும். காகிதக் கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் பட்ட இடம்தான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒன்றை நேராகவும் இன்னொன்றை மாற்றியும் மாட்டினால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தவில் சத்தம் தகர டப்பாவாகிவிடும்.

கதவில் ஸ்பீக்கருக்கு ஓட்டை போடும் முன்னால் கண்ணாடியை முழுதாக இறக்கிப் பார்க்க வேண்டும். ஏற்றி வைத்துக்கொண்டு அளந்தால், பிறகு இறக்கும்போது கண்ணாடி ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கும். மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது எல்லா வண்டியிலும் உண்டு. கீழே இருக்கும் வடிகால் ஓட்டைகளை அடைக்காமல் விட்டு, ஸ்பீக்கருக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட்டைக் குடை போல ஒட்டினார்.

பெட்டியின் மேல் ‘50 வாட்ஸ் x 4’ என்று அச்சிட்டிருந்தது. மகன் அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினான். பத்தாவது படிக்கிறவன் என்பதால் மாமா அவனிடமே கணக்கு கேட்டார். இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட். பியூஸ் 10 ஆம்பியர். பெருக்கினால் 140 வாட்ஸ். உள்ளே போவதே 140 என்றால் வெளியே 200 எப்படி வரும்? ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் பதினைந்து, இருபது வாட்ஸ் கிடைத்தால் அதிகம். காருக்குள் அதுவே தாராளம். வாட்ஸைப் பார்த்துக் காசு கொடுப்பதைவிட, ஸ்பீக்கர் கதவில் ஆடாமல் இறுகி உட்காருகிறதா என்று பார்ப்பது மேல்.

ஒரே ஒரு குறை இருந்தது. விலை குறைந்த இந்த செட்டில் மத்திய அலை கிடையாது, எஃப்.எம். மட்டும்தான். கொடைக்கானல் பண்பலை 100.5-இல் தெளிவாகக் கேட்கிறது. மதுரை வானொலியை மத்திய அலையில் கேட்டுப் பழகிய அவருடைய அப்பாவுக்குத்தான் மனக்குறை. அவருக்குப் பழைய டிரான்சிஸ்டர் திண்ணையிலேயே இருக்கிறது. வேளாண்மை நிகழ்ச்சிக்காகச் செட் வாங்குகிறவர்கள், வாங்கும் முன்னால் கடையில் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக மீட்டர்

எல்லாம் மாட்டி முடித்து, பாட்டும் கேட்டாகிவிட்டது. ஆனால், மாமா கிளம்பவில்லை. சாவியை எடுக்கச் சொல்லி, கதவுகளைச் சாத்தி, மறுபடி மைனஸில் மீட்டரை வைத்தார். 0.02 ஆம்பியர். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர்கூட இல்லை. ஒரு மாதம் நின்றாலும் 15-ஐத் தாண்டாது. “இப்பதான் வேலை முடிஞ்சது” என்று சொல்லி மீட்டரைப் பையில் போட்டார். மீட்டர் நடுவில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டை மீட்டர் தாங்காது. அதையும் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எந்த நிற வயர் எங்கே போகிறது, பியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர் என்று பையன் ஒரு தாளில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு டேஷ்போர்டில் வைத்திருக்கிறான். வண்டி நாலாவது கைக்குப் போனாலும் அந்தத் தாள் கூடவே போகும்.

அடுத்த தையில் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் தன் ஆம்னியில் செட் மாட்ட வேண்டும் என்று வந்தார். எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை வாட்ஸ் வாங்கலாம் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மல்லிகைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அதெல்லாம் இருக்கட்டும்ணே. பேட்டரி மாத்தி எத்தன வருஷமாச்சு?”