உம்மாவுடன் டொபாகோவில் பத்து நாட்கள்

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். இரவு அடங்கியதும் அதன் ஓசை அறைக்குள் வந்துவிடும். அந்த வீட்டிலேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்த என் உம்மா ஒருநாளும் கணுக்காலுக்கு மேல் கடல்நீரில் நனைந்தவரல்லர்.

எங்கள் குடும்பத்தில் கடல் ஆண்களின் பாதையாக இருந்தது. பாட்டனார் சங்கு வணிகத்திற்காகவும், வாப்பா இரத்தினக்கல் வணிகத்திற்காகவும் கொழும்புக்குச் சபர் போய்வந்தார்கள். பெண்கள் கடிதத்திற்குக் காத்திருந்தார்கள். வாப்பாவுடன் ஹஜ் கடமையை நிறைவேற்றி வந்த நாட்களைத் தவிர, உம்மா நெடும்பயணம் எதுவும் மேற்கொண்டதில்லை.

அத்தகைய உம்மாவை முதுகில் பை சுமந்து கரிபியன் கடலின் ஒரு சிறு தீவுக்கு அழைத்துச் சென்றேன் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். உண்மையில் அழைத்துச் சென்றவர் யார் என்பதில் எனக்கே இப்போது ஐயம் இருக்கிறது.

இரண்டு முதுகுப்பைகள்

வெனிசுவேலா நாட்டுக்கு வடகிழக்கே அமைந்துள்ளது டொபாகோ. நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அகலம் 10 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் அறுபதாயிரத்தைச் சற்றே தாண்டுவர். டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று முப்பது முறைக்கு மேல் கைமாறிய தீவு அது. 1889இல் அருகிலுள்ள பெரிய தீவான டிரினிடாடுடன் இணைக்கப்பட்டது. 1962இல் இரண்டும் ஒரே நாடாக விடுதலை பெற்றன. ஆலைகளும் நெரிசலும் டிரினிடாடுக்கு வாய்த்தன. காடும், மீன்பிடிச் சிற்றூர்களும், அவசரம் அறியாத மனிதர்களும் டொபாகோவுக்கு வாய்த்தன.

நான் டிரினிடாடின் பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் ஒப்பந்தப் பொறியாளராகப் பணியாற்றி வந்தேன். வாப்பா மறைந்து ஈராண்டுகள் கழிந்த நிலையில், 2024ஆம் ஆண்டில் ஈகைத் திருநாளுக்கு உம்மாவை அங்கே வரவழைத்தேன். காலை ஆறு மணிக்கு நான் புறப்பட்டால் திரும்ப இரவு எட்டாகும். அதுவரை அவர் அடுக்களையில் இருப்பார். ஆறிய சோற்றை மீண்டும் சூடாக்குவார்.

ஒருநாள் இரவு, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஊரில் உங்க வாப்பாவுக்காகக் காத்திருந்தேன். இங்கே வந்து உனக்காகக் காத்திருக்கிறேன்."

மறுநாளே பத்து நாள் விடுப்பு கேட்டேன்.

பெரிய விடுதியில் தங்க வைக்கலாம் என்பது என் எண்ணம். உம்மா மறுத்தார். "பெட்டியை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம் வாப்பா. நானே தூக்கக்கூடிய அளவுக்கு ஒரு பை போதும்" என்றார். இரண்டு மாற்றுடைகள், தொழுகை விரிப்பு, முழங்கால் வலிக்குத் தைலம், இரத்த அழுத்த மாத்திரைகள், ஊரிலிருந்து கொணர்ந்த இஞ்சிமரப்பா ஆகியவையே அவர் சுமை. என் பை அவர் பையைவிட இரு மடங்கு கனத்தது. அதில் மடிக்கணினியும் இருந்தது.

போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து டொபாகோவின் தலைநகரான ஸ்கார்பரோவுக்கு விமானத்தில் அரைமணி நேரம்கூட ஆகாது; கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். உம்மா கப்பலையே விரும்பினார். 1498இல் கொலம்பஸ் "டிராகனின் வாய்" என்று பெயரிட்ட நீரிணையைக் கப்பல் கடந்ததும் அலைகள் எழுந்தன. உம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சியிருந்தேன். குமட்டிக் குனிந்தவன் நான்தான். நெற்றியைத் தாங்கிப் பிடித்து, இஞ்சிமரப்பாவை வாயில் இட்டு, கரை வரும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர் அவர். பார்த்துக்கொள்ள வந்தவன் பார்த்துக்கொள்ளப்பட்டேன்.

முகமன் கூறும் மக்கள்

டொபாகோவில் பேருந்துச் சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், வண்டிக்குள் விற்பதில்லை. இது தெரியாமல் முதல் பேருந்தைத் தவறவிட்டோம். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்தேன். உம்மா நிழலில் இருந்த ஒரு பலகையில் அமர்ந்து போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கே யார் வந்தாலும் முதலில் ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?" என்று கேட்டார்.

அவர் கவனித்தது உண்மை. கடைக்குள் நுழைபவரும், வண்டியில் ஏறுபவரும் அங்குள்ளோர் அனைவருக்கும் பொதுவாகக் காலை வணக்கம் கூறிவிட்டே மற்றதைத் தொடங்குவர். கூறாமல் வினவுவது மரியாதைக் குறைவு. "நம்ம ஸலாம் போலத்தான்" என்று முடிவு செய்தார் உம்மா. அன்றிலிருந்து "குட் மார்னிங்" அவருடைய ஆங்கிலமாயிற்று. மாலை ஐந்து மணிக்கும் அதையே சொன்னார். எல்லோரும் மலர்ந்த முகத்துடன் பதில் சொன்னார்கள்.

ஹெச் என்ற எழுத்தைத் தாங்கிய பகிர்வு வாடகைக் கார் ஒன்றில், வடகரையிலுள்ள கஸ்தாரா என்னும் மீனவச் சிற்றூரை அடைந்தோம். அவ்வாண்டு பிப்ரவரியில் கவிழ்ந்து கிடந்த ஒரு கலத்திலிருந்து கசிந்த எண்ணெய் தீவின் தென்கரையைக் கறைப்படுத்தியிருந்தது. கஸ்தாராவின் நீரோ தெளிந்திருந்தது.

தங்கிய வீட்டில் முதல் வேலையாக உம்மா திசை கேட்டார். வாழ்நாள் முழுவதும் மேற்கு நோக்கித் தொழுதவர். டொபாகோவிலிருந்து மக்கா கிழக்குத் திசையில், சற்றே வடக்குச் சாய்ந்திருக்கிறது. விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் தயங்கி நின்றார். பிறகு கடலுக்குப் புறங்காட்டி, சூரியன் உதிக்கும் மலைப்பக்கம் திரும்பி விரித்தார். "எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது இப்போதுதான் தெரிகிறது" என்றார்.

வலைக்கயிறு

கஸ்தாராவில் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். படகில் சென்று வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் நிற்போர் இழுப்பர். கூட நின்று இழுக்கும் எவருக்கும் மீனில் பங்குண்டு. மூன்றாம் நாள் காலை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பற்றினார். நான் தடுக்க முனைந்தேன். "எத்தனை தடவை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. அவருக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தேன்.

பங்காகக் கிடைத்த மீன்கள் பாரையின் சொந்தக்காரர் போலிருந்தன. வீட்டுக்கார மூதாட்டியின் அடுக்களையில் உம்மா மீனாணம் காய்ச்சினார். மூதாட்டி தம் பங்குக்குச் சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தார். கடற்கரை மண் அடுப்பில் விறகெரித்துச் சுட்ட ரொட்டியை அண்டை வீட்டார் கொணர்ந்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் மல்லியா, சீரகமா என்ற விசாரணை இரண்டு மணி நேரம் நடந்தது.

மசாலா அங்கு அந்நியமன்று. 1845 மே 30 அன்று கல்கத்தாவிலிருந்து ஃபத்தல் ரசாக் என்னும் கப்பல் இந்தியக் கூலித்தொழிலாளர்களை டிரினிடாடில் இறக்கியது. 1917 வரை ஒன்றேகால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வாறு வந்தனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோரும் அவர்களுள் உண்டு. டொபாகோவில் பெரும்பான்மையினர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். இருப்பினும் கறியும் ரொட்டியும் கடல் தாண்டி அவர்கள் அடுக்களைக்குள்ளும் நுழைந்துவிட்டன. இதைக் கேட்ட உம்மா, "அந்தப் பெண்களுக்குத் திரும்பிப் போக வழி இருந்ததா?" என்றார். சிலரே திரும்பினர் என்றேன். அன்று இரவு வெகுநேரம் அவர் உறங்கவில்லை.

மழைக்காக ஒரு காடு

தீவின் முதுகெலும்பாக நீண்டு கிடக்கிறது மெயின் ரிட்ஜ் காடு. 1776இல் சட்டமியற்றிக் காக்கப்பட்ட இக்காடு, மேலைக் கோளத்திலேயே சட்டத்தால் காக்கப்பட்ட மிகப் பழைய காடாகக் கருதப்படுகிறது. மரங்கள் மழையை ஈர்க்கின்றன என்று ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கில அறிஞர் எடுத்துரைத்தார். அதை ஏற்ற சோம் ஜெனின்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் பத்தாண்டுக்கு மேல் வாதாடி இச்சட்டத்தைப் பெற்றார். நோக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு மழை கிடைப்பது. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். முதலாளிகளின் இலாபத்திற்காகக் காக்கப்பட்ட காடு, இன்று அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தாக நிற்கிறது.

கில்பின் பாதை என்னும் வழியில் வாடகைக்கு வாங்கிய இரப்பர் காலணிகளுடன் நடந்தோம். அரைமணி நேரத்தில் உம்மாவின் முழங்கால் மறுத்தது. அருவி வரை போய்விட வேண்டும் என்று நான் திட்டமிட்டிருந்தேன். "நீ போய்ப் பார்த்துவிட்டு வா. நான் இங்கே இருக்கிறேன்" என்று விழுந்து கிடந்த ஒரு மரத்தில் அமர்ந்தார். "இங்கே இருக்கிறேன்" என்ற சொல் காதில் விழுந்ததும் என் கால்கள் நகரவில்லை. நானும் அமர்ந்தேன்.

அமர்ந்த பிறகே காடு எங்களிடம் வந்தது. வழிகாட்டி மெல்லக் கைகாட்டிய இடத்தில் வால் வெளுத்த தேன்சிட்டு ஒன்று மலரருகே அந்தரத்தில் நின்றது. 1963 செப்டம்பர் 30 அன்று வீசிய ஃப்ளோரா சூறாவளி இக்காட்டைப் பெருமளவு முறித்துப் போட்டது. அதோடு இப்பறவை தீவிலிருந்து அழிந்துவிட்டதாகவே எண்ணினர். 1974இல் மீண்டும் கண்டனர். சுற்றிலும் வானளாவ நின்ற மரங்களுள் பல அந்தப் புயலுக்குப் பின் எழுந்தவை என்றார் வழிகாட்டி.

"தனுஷ்கோடி அழிந்த புயல் அதற்கு மறு வருஷம்" என்றார் உம்மா. "நான் கைப்பிள்ளை. அப்படியானால் இந்த மரங்களுக்கு என் வயசுதான்."

ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். அருவியை நான் பார்க்கவில்லை.

நடுக்கடலில் நின்றபோது

கடைசி இரு நாட்கள் தீவின் தென்மேற்கு முனைக்கு வந்து தங்கினோம். அங்கிருந்து கண்ணாடி அடித்தளப் படகுகள் புக்கூ பவளப்பாறைக்குச் செல்கின்றன. முன்னாளில் சுற்றுலாவினர் பவளத்தின் மேலேயே நடந்து அதை மிதித்துச் சிதைத்தனர். 1973இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. காயங்கள் இன்னும் தெரிகின்றன.

பாறைக்கு அருகே, கரையிலிருந்து வெகுதூரத்தில், கடலுக்கு நடுவே வெண்மணல் திட்டு ஒன்று நீருக்கடியில் பரந்து கிடக்கிறது. நீரின் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். நைலான் குளம் என்பது அதன் பெயர். நீரின் தெளிவைக் கண்டு வியந்த ஆங்கில இளவரசி மார்கரெட் இட்ட பெயர் என்பர். அதில் இறங்குவோர் இளமை பெறுவர் என்று படகோட்டி நகைத்தார். மொழிபெயர்த்தேன். "இளமை வேண்டாம், முழங்கால் வலி போனால் போதும்" என்றார் உம்மா.

என் கையைப் பற்றியபடி ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதம் மணலைத் தொட்டதும் என் கையை விட்டுவிட்டார். நாற்புறமும் கடல். இடுப்பளவு நீரில், தளர்ந்த முழு உடையுடன், தலைமுக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் உம்மா நடுக்கடலில் நின்றார்.

அந்நேரம் படகில் என் கைப்பேசி ஒலித்தது. ஆலையிலிருந்துதான். நான் ஏணிப்பக்கம் திரும்பினேன்.

"உங்க வாப்பா நாற்பது வருஷம் கடலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்" என்றார் உம்மா பின்னாலிருந்து. "ஒருநாள்கூடக் கடலில் நிற்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. எனக்காவது இன்றைக்குக் கிடைத்தது."

அவர் குரலில் குறை ஏதுமில்லை. தாம் காத்திருந்த ஆண்டுகளை எண்ணி அவர் வருந்துவார் என்றே நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் வருந்தியது வாப்பாவுக்காக. சற்றுப் பொறுத்து, "நீயும் அவர்களைப் போலவேதான் வருகிறாய்" என்று மட்டும் சொன்னார்.

கைப்பேசி ஒலித்து ஓய்ந்தது. நான் திரும்பி வந்து அவரருகே நின்றேன்.

ஊர் திரும்பிய பின்

பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்புவோர் டொபாகோவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எங்கே சென்றாலும் ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். மாத்திரைகளை இரு பைகளிலும் பிரித்து வையுங்கள். மாடிப்படி குறைந்த வீட்டைத் தேடுங்கள். அவர்கள் அமரும் இடத்தில் நீங்களும் அமருங்கள். உங்கள் திட்டத்தில் பாதி நிறைவேறாது. நிறைவேறாத அந்தப் பாதியில்தான் எங்களுக்குப் பேச நேரம் கிடைத்தது.

டிரினிடாடுக்குத் திரும்பியதும், என் மேசையில் மூன்றாண்டு நீட்டிப்புக்கான ஒப்பந்தம் காத்திருந்தது. ஓராண்டுக்கு மட்டும் கையொப்பமிட்டேன்.

உம்மா ஊர் சேர்ந்துவிட்டார். சில மாதங்களுக்குப் பின் ராத்தா தொலைபேசியில் சொன்ன செய்தி இது: அஸர் தொழுகை முடிந்ததும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உம்மா கடற்கரைக்குப் போகிறாராம். திரும்பும்போது இருவர் உடையும் முழங்கால் வரை நனைந்திருக்கிறதாம்.