கொயினா விதை எடுக்கப் போனவர்

‘எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் பழைய கொயினா மரங்கள் இரண்டு நிற்கின்றன. பட்டையை உரித்தால் விலை போகுமா, இல்லை வெட்டிவிட்டு மிளகுக்கு வேறு மரம் வைக்கலாமா?’ என்று கூடலூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு மரத்துப் பட்டைக்கு வியாபாரி வரமாட்டார். வீட்டில் கஷாயம் வைத்துக் குடிப்பதும் ஆகாது; அளவு மிஞ்சினால் காதில் இரைச்சல் தொடங்கி இதயம் வரை பாதிக்கும். ஆனாலும் வெட்ட வேண்டாம் என்பதே என் யோசனை. காரணத்தைக் கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரியில் சொல்ல முடியாததால் இந்தக் கட்டுரை.

விவசாயப் பட்டப்படிப்பில் மலைப்பயிர்கள் பாடத்தில் சின்கோனாவுக்கு அரைப்பக்கம்தான். ‘தாயகம் தென் அமெரிக்கா, 1860-களில் நீலகிரியில் அறிமுகம்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த ‘அறிமுகம்’ என்ற சொல்லுக்குள் ஒரு மனிதனின் முதுகு முறிந்து கிடக்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் பெயர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1817-இல் பிறந்த வாத்தியார் மகன். தானும் வாத்தியார் வேலை பார்த்தவர். சிறுவயது முதல் உடம்பு நோஞ்சான். ஆசை எல்லாம் பாசிகள் மேல். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டியிருக்கும் பச்சைப் பாசிதான். இப்படிப்பட்ட ஆள் 1849-இல் அமேசான் காட்டுக்குப் போனார். செடிகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, இங்கிலாந்துக்கு அனுப்பி, அதை வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் பிழைப்பு. சம்பளம், பயணப்படி என்று எதுவும் இல்லை.

1854-இல் ஒரினோகோ ஆற்றங்கரையில் குளிர்காய்ச்சல் பிடித்து 38 நாள் கிடந்தார். பணிவிடைக்கு அமர்த்திய பெண்ணே இவர் எப்போது சாவார் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் விழுங்கிய மருந்தும் கொயினாதான். அதே வருடம், படகு வலிக்க வந்த ஆட்கள் இரவில் தங்கள் பாஷையில் தன்னைக் கொல்லத் திட்டம் போடுவதை ஊஞ்சல் படுக்கையில் கிடந்தபடி கேட்டார். அவர்கள் பாஷை இவருக்குப் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வயிறு சரியில்லாதவர் மாதிரி எழுந்துபோய்ப் படகுக்குள் புகுந்து, துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த ஆட்களைக் கெட்டவர்கள் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. வெள்ளைக்காரர்களிடம் அந்த மக்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல.

மலேரியாவில் நம் நாட்டில் அப்போது மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், பட்டாளத்துக்காரர்களும் தப்பவில்லை. அதற்கான பட்டை ஆண்டிஸ் மலையிலிருந்துதான் வரவேண்டும். அங்கே பட்டை எடுப்பவர்கள் மரத்தையே சாய்த்து எடுத்தார்கள். ஆகவே இந்தியாவிலேயே வளர்க்க வேண்டும் என்று ஆங்கில அரசு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஈக்வடாரில் இருந்த ஸ்ப்ரூஸிடம் செம்பட்டை ரக விதையும் செடியும் சேகரிக்கும் வேலை வந்து சேர்ந்தது.

வேலை தொடங்க வேண்டிய நேரத்தில், 1860 ஏப்ரல் 29 காலையில், அம்பாட்டோ ஊரில் கண்விழித்தபோது முதுகும் கால்களும் அவருக்கு விழுந்துபோயிருந்தன. அதற்குப் பிறகு சாகும்வரை அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. எனக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு வந்த இடுப்புவலிக்கே பைக்கில் வயல் பார்க்கப் போவது தண்டனையாக இருக்கிறது. அவர் 42 வயதில், ஜூன் மாதம், அந்த உடம்போடு குதிரையில் சிம்போராசோ மலையைச் சுற்றிக்கொண்டு, அதன் மேற்குச் சரிவில் உள்ள லிமோன் என்ற இடத்துக்குப் போனார். நாட்டில் அப்போது உள்நாட்டுச் சண்டை வேறு.

காடு பெரிய நிலக்காரர்களுக்குச் சொந்தம். பட்டையைத் தொடக்கூடாது, விதையும் செடியும் எடுக்கலாம் என்ற நிபந்தனையில் 400 டாலர் குத்தகை. பணம் நிலக்காரர்களுக்குப் போனது. இன்றைக்கு நம் 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டம் பேசுகிற பயன்பகிர்வு என்ற பேச்சே அன்று கிடையாது. இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

நல்ல மரங்கள் முன்பே வெட்டப்பட்டு, கட்டைகளிலிருந்து மறுபடி தழைத்தவை பல. கியூ தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அவற்றில் குச்சி எடுத்து, நாற்றங்கால் அமைத்து, நிழல் கொடுத்து, தண்ணீர் ஊற்றி வேர்விட வைத்தார். விதை விஷயம் இன்னும் நுட்பம். கொயினா விதை பொடியானது, சிறகு உள்ளது. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். காய் வெடித்தால் காற்றோடு போய்விடும். காய்கள் வெடிக்கத் தொடங்கும் பருவம் பார்த்து ஆளை மரமேற்றி, கொத்தை மெதுவாக ஒடித்து, அடியில் விரித்த துணியில் விழவைத்தார்கள். உதிர்ந்த விதைகூட வீணாகவில்லை. அதே துணியில் சில நாள் உலர்த்தினார்கள். பிறகு சிலதை அங்கேயே விதைத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் முதல் முளை வந்தது. முளைப்புத்திறன் பார்க்காமல் விதை விற்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். எழுந்து நிற்க முடியாத ஒருவர் காட்டுக்குள் அதைச் செய்திருக்கிறார்.

கிட்டத்தட்ட ஒரு லட்சம் விதைகள், 637 செடிகள் தேறின. செடிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிகளில் வைத்தார்கள். உள்ளே ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணிலேயே சொட்டும். கப்பலில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. 1860 டிசம்பர் கடைசியில் பால்சா மரத் தெப்பங்களில் பெட்டிகளை ஏற்றினார்கள். வெள்ளம் ஓடிய ஆற்றில் தெப்பம் கரையோரக் கிளைகளில் மோதி, கூரை பிய்ந்து, பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. செடிகள் பிழைத்தன. குவாயாகில் துறைமுகத்திலிருந்து பனாமா, இங்கிலாந்து வழியாக வந்து, கால்வாய் வெட்டி முடியாத சூயஸில் தரைவழி கடந்து, 1861 ஏப்ரலில் கிராஸ் நானூற்றுச் சொச்சம் செடிகளோடு ஊட்டி சேர்ந்தார். இதற்கு முந்தைய வருடம் மார்க்கமே நேரில் பெரு நாட்டிலிருந்து கொண்டுவந்த வேறு ரகச் செடிகள், வழியில் பட்ட வெயிலால் ஊட்டி வந்த பின் செத்துப்போயிருந்தன.

ஊட்டி அரசுத் தோட்டத்து மேக்கைவர் இந்தச் செடிகளைப் பெருக்கினார். மரத்தை வெட்டாமல் பட்டையை நாடாநாடாக எடுத்து, எடுத்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தால் புதுப் பட்டை வரும் என்று கண்டவர் அவர்தான். பாசிப் பைத்தியமான ஸ்ப்ரூஸ் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

செம்பட்டை மரத்தில் கொயினா சத்து ஓரளவுதான். அதிக சத்துள்ள விதையை பொலிவியாவில் மானுவல் இன்க்ரா மமானி என்ற உள்ளூர்க்காரர் எடுத்துக் கொடுத்தார். அவர் முதலாளி சார்லஸ் லெட்ஜர் அதை 1865-இல் லண்டனுக்கு அனுப்ப, ஆங்கில அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு வாங்கி ஜாவாவில் வைத்தார்கள். உலகச் சந்தை பிறகு அவர்கள் கைக்குப் போனது. மமானி சிறையில் அடிபட்டுச் செத்தார். ஆனால் லெட்ஜர் ரகம் நோஞ்சான் வேர் உள்ளது. ஜாவாவில் அதைத் தாங்கி வளர்க்க அடிச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டியது செம்பட்டையைத்தான். கூடலூர்க்காரர் மரங்களும் செம்பட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஸ்ப்ரூஸ் 1861-இல் தன் சேமிப்பு 700 பவுனை, போட்டுவைத்த வியாபார நிறுவனம் நொடித்ததில் இழந்தார். 1864-இல் ஊர் திரும்பினார். ஆங்கில அரசு வருடம் 50 பவுன் உதவித்தொகை கொடுத்தது. பல வருடம் கழித்து, 1877-இல், இந்திய அரசின் பேரில் இன்னொரு 50. சின்ன வீடு ஒன்றில் பெரும்பாலும் படுத்தபடியே, தென் அமெரிக்காவில் சேகரித்த பாசி இனங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலை 1884-85-இல் வெளியிட்டார். 1893 டிசம்பரில் இறந்தார்.