சேதாரம்

பங்குமனையின் பின்புறம் வேப்பமர நிழலில், மாலை வேளைகளில் மக்கள் அமர்ந்து பேச, மரப்பலகை மேடையொன்று அமைக்க விரும்பினேன். கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்கிறது லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரம். நானும் அமர்ந்து கணக்கிட்டேன். மேடை 12 அடிக்கு 10 அடி. ஓர் அங்குலக் கனமுள்ள பலகைக்கு 10 கன அடி. அடியில் தாங்க, 4க்கு 3 அங்குலத்தில் 12 அடி நீளச் சட்டங்கள் ஆறுக்கு 6 கன அடி. மொத்தம் 16.

தச்சர் 18 கேட்டார். "சேதாரம் உண்டு, சாமி" என்றார். அந்த இரண்டைக் களவென்றே எண்ணியது என் மனம். பதினாறே வாங்கிக் கொடுத்தேன்.

சில பலகைகளின் நுனி வெடித்திருந்தது. சிலவற்றில் கணுக்களை அறுத்து நீக்க வேண்டியிருந்தது. இறுதியில் இரண்டடி அகலம் பலகையின்றி வெறுமையாய் நின்றது. நான் சந்தேகித்த மரம் துண்டுகளாகவும் தூளாகவும் தரையில் கிடந்தது. தச்சர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறர் பாவங்களைக் கேட்கும் இருக்கையில் அமர்பவன், அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனிதரிடமும் கணுவும் வெடிப்பும் உண்டு. அவர்களை அளந்த என் கணக்குகளில் இதுவரை எவ்வளவு சேதாரம் ஒதுக்கியிருக்கிறேன்?