திருகாணிக்கேற்ற திருப்புளி



இவ்விடுகையின் பொருள் தங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கும் அமெரிக்க நாட்டுப் பழைய ரைஃபிள்களுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். நியாயமான வினாவே. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமின்றி ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் குற்றமாகும். நானும் துப்பாக்கியைக் கையால் தொட்டவனல்லன். தொட விழைபவனும் அல்லன். என்னைக் கவர்ந்தது துப்பாக்கியன்று. அதனைக் கழற்றிச் செப்பனிடுவோர் தம் கையாலேயே செய்துகொள்ளும் கருவிகள்தாம்.

பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தை நான் கற்பித்து வருகிறேன். திருகாணியின் தலையிலிருந்து திருப்புளி ஏன் வழுக்குகிறது என்பதற்குப் பாடநூலுக்கு அப்பாலும் விடை தேடினேன். அத்தேடலில் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம், நூறாண்டு கடந்த பம்ப் ரைஃபிள்களைப் பழுதுபார்க்கும் அமெரிக்கக் கைவினைஞர்களிடமிருந்து வந்தது. அதனைத் தங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பம்ப் ரைஃபிள் என்பது யாது? குழலின் அடியில் ஒரு மரக்கட்டை இருக்கும். அதனைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கோல்ட் நிறுவனம் 1884 முதல் 1904 வரை ‘லைட்னிங்’ எனும் பெயரில் இவ்வகை ரைஃபிளைச் செய்தது. அதன்பின் வந்த வின்செஸ்டர் 1890 எனும் வகையே பெரும்புகழ் பெற்றது. ஜான் பிரௌனிங், மேத்யூ பிரௌனிங் எனும் உடன்பிறப்புகள் வடிவமைத்த அச்சிறு துப்பாக்கி, 1932 வரை எட்டு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அமெரிக்க ஊர்த் திருவிழாக்களில் குறிபார்த்துச் சுட்டுப் பரிசு பெறும் கூடங்களிலெல்லாம் அதுவே இருந்தது. ரெமிங்டன் நிறுவனத்துக்காக ஜான் பெடர்சன் என்பவர் வடிவமைத்த 12-ஆம் வகையும் 14-ஆம் வகையும் அடுத்து வந்தவை.

அந்த 14-ஆம் வகையின் தோட்டாக் குழாயை மட்டும் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, பின்னதன் கூர்முனை முன்னதன் அடிப்பகுதியை இடித்தால் உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே குழாயையே முறுக்கிச் சுழல் வடிவில் அமைத்தார் பெடர்சன். கூர்முனைகள் ஒதுங்கி நின்றன. இத்தகைய நுட்பமான பொருளைக் கழற்றுவது எளிய செயலாகுமா?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வின்செஸ்டர் 1890-இன் இடப்புறத்தில் விளிம்பு சொரசொரப்பான ஒரு பெரிய திருகாணி உண்டு. 1892-க்குப் பின் வந்தவற்றில் அதனை விரலால் திருகினாலே துப்பாக்கி இரண்டாகப் பிரியும். உரிமையாளருக்குக் கருவி தேவையில்லை. ஆனால் அதற்கும் உள்ளே செல்ல வேண்டுமாயின் சிறு திருகாணிகளையும் இணைப்பாணிகளையும் கழற்ற வேண்டும். அத்திருகாணிகளின் தலையிலுள்ள பள்ளம் மிகக் குறுகலானது. அதன் இரு சுவர்களும் செங்குத்தானவை. கடையில் நாம் வாங்கும் திருப்புளியோ ஆப்பு வடிவினது; நுனியில் மெலிந்து மேலே தடித்திருக்கும். ஆப்பைச் செங்குத்தான பள்ளத்தில் நுழைத்தால் என்னவாகும்? அது அடியைத் தொடாது. பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டுமே பற்றும். திருகத் திருக மேலேறும். ஒரு கணத்தில் வழுக்கி, திருகாணியின் தலையைப் பிய்த்து, அருகிலுள்ள எஃகுப் பரப்பிலும் கோடு கிழிக்கும்.

கிழித்தால் என்ன, புதிய திருகாணி வாங்கலாமே என்று தோன்றும். அது எளிதன்று. வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864-இல் பிலடெல்பியாவில் திருகாணிப் புரிகளுக்குப் பொதுவான அளவுமுறையை முன்மொழிந்தார் எனினும், பழைய துப்பாக்கி ஆலைகள் சிறு திருகாணிகளுக்குத் தமக்கெனத் தனி அளவுகளை வைத்திருந்தன. இன்றைய வன்பொருள் கடையில் அவை கிடைக்கா. ஆலையைக் கேட்கலாமென்றால் ஆலையும் இல்லை. நியூ ஹேவன் நகரத்து வின்செஸ்டர் ஆலை 2006-இல் மூடப்பட்டது. 1816-இல் தோன்றிய ரெமிங்டன் 2020-இல் நொடித்துப் பகுதி பகுதியாக விற்கப்பட்டது. இலியன் நகரத்திலிருந்த அதன் பழம்பெரும் ஆலையும் 2024-இல் கதவடைத்தது. ஆகவே, தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கியைப் பேரன் கொண்டுவரும்போது, அதிலுள்ள ஒவ்வொரு திருகாணியும் எளிதில் மாற்றுக் கிடைக்காத திருகாணி.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது நம் முதுமொழி. அக்கைவினைஞரைப் பார்த்தால், வல்லவன் புல்லை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்பது விளங்கும். துப்பாக்கியைத் தொடுமுன் அவர் அதற்கான கருவியைச் செய்யத் தொடங்குகிறார்.

முதலில், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்கிறார். குழாய்க்குள் ஒன்று ஒளிந்திருக்கக்கூடும். அடுத்து, மெல்லிய அளவுத்தகடுகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் நுழைத்து அதன் அகலத்தை அளக்கிறார். பின்னர், வெள்ளி எஃகுக் கம்பி ஒன்றை எடுக்கிறார். (பெயரில்தான் வெள்ளி, உள்ளே வெள்ளி கிடையாது. பளபளப்பால் வந்த பெயர்.) அதன் நுனியை அரத்தாலும் சாணைக்கல்லாலும் தேய்த்து, இரு முகங்களும் இணையாக இருக்கும்படி அமைக்கிறார். அலகின் தடிப்பு பள்ளத்தை இடைவெளியின்றி நிரப்ப வேண்டும். அலகின் அகலம் திருகாணித் தலையின் விட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சுற்றுப்புறத்தைக் கீறும்.

வடிவம் வந்துவிட்டால் போதாது. பதம் வர வேண்டும். நுனியைச் செந்நிறமாகக் காய்ச்சுகிறார். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் எஃகு காந்தத்துக்கு ஒட்டாது. அந்நிலையைச் சற்றே தாண்டியதும் எண்ணெயில் தோய்க்கிறார். இப்போது எஃகு கண்ணாடியைப்போல் கடினம்; கண்ணாடியைப்போலவே நொறுங்கவும் கூடும். ஆகவே நுனியைத் தேய்த்து மின்னச் செய்து, மீண்டும் மெல்லச் சூடேற்றுகிறார். அப்போது எஃகின் மேல் நிறங்கள் ஓடும். 230 பாகையளவில் வைக்கோல் நிறம், பின்பு பழுப்பு, 275 அளவில் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். ஊதா நீலமாக மாறும் வேளையில் நிறுத்திவிட்டால் அது திருப்புளிக்கேற்ற பதம். முன்னதாக நிறுத்தினால் அலகு பள்ளத்துக்குள்ளேயே ஒடியும், கடந்துவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லர்களும் இந்நிறங்களை நம்பியே தொழில் செய்தார்கள் என்பதை எண்ணும்போது மெய்சிலிர்க்கிறது.

திருப்புளியோடு வேலை முடிவதில்லை. சில பகுதிகளைச் சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். இணைப்பாணியைத் தள்ளியதும் அனைத்தும் சிதறும். அதற்காக ஒரு துணையாணியைச் செய்கிறார்கள். அது மூல ஆணியைவிடச் சற்று மெலிந்தது, நீளம் குறைந்தது, இரு முனைகளும் உருண்டையானது. மீண்டும் பொருத்தும்போது இத்துணையாணியே பகுதிகளைக் கூட்டிப் பிடித்திருக்கும். மூல ஆணியை உள்ளே செலுத்தினால், துணையாணி தானே மறுபுறம் விலகி விழும். தன் பணி முடிந்ததும் வழிவிடும் அந்தச் சிறு ஆணியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது!

ரைஃபிளின் உறவான பம்ப் சிதறுகுண்டுத் துப்பாக்கியிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. ரெமிங்டன் 870 எனும் வகை 1950-இல் வெளிவந்தது. அதன் முன்கட்டையைப் பிடித்திருக்கும் வட்ட மரையில் எதிரெதிராக இரு வெட்டுகள் மட்டுமே உண்டு. சாதாரணத் திருகுசாவி எதுவும் அதனைப் பற்றாது. பலர் பழைய சாக்கெட் ஒன்றையோ குழாய்த்துண்டையோ எடுத்து, விளிம்பு முழுவதையும் அராவித் தள்ளி, இரு பற்களை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அவ்விரு பற்களும் அவ்விரு வெட்டுகளில் அமர்ந்தால் மரை இளகிவிடும். குப்பைக்குப் போக வேண்டிய இரும்பு, சாதாரணத் திருகுசாவியால் செய்யவியலாத வேலையைச் செய்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபோது என் தந்தையின் நினைவு வந்தது. அவர் தோட்டத்து இரப்பர் ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். துப்பாக்கியன்று, பால்கட்டியை அழுத்தும் உருளைகளும் நீரேற்றும் இயந்திரங்களுமே அவருக்கு வாய்த்தவை. ஆயினும் அவரும் இதே இனத்தவர்தாம். தேய்த்துச் சிறுத்த திருப்புளிகள், வளைத்த கொக்கிகள், ஒரு புறம் மட்டும் அராவிய திருகுசாவிகள் என ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அதனைத் திறந்து பார்த்தோம். பத்தொன்பது கருவிகள் இருந்தன. அவற்றுள் இரண்டின் பயனை மட்டுமே அண்ணனால் கூற முடிந்தது. ஏனையவை எந்த இயந்திரத்தின் எந்த மூலைக்காகச் செய்யப்பட்டவை என்று சொல்ல இன்று எவருமில்லர். இரும்பு துருப்பிடிக்காமல் அப்படியே இருக்கிறது. அதற்குள்ளிருந்த அறிவு போய்விட்டது.

பொதுக்கருவி ஒன்று தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். ஒரே வேலைக்கெனச் செய்த கருவியோ, அவ்வேலை இன்னதென்ற செய்தி தொலைந்தாலே பாழாகிறது. இதனை உணர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர் சிலர், ஒவ்வொரு திருப்புளியின் பிடியிலும் அது எவ்வகைத் துப்பாக்கியின் எத்திருகாணிக்கு உரியது என்பதைப் பொறித்து வைக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. ஆனால் அவருக்குப் பின் அப்பெட்டியைத் திறப்பவருக்கு அதுவே பாடநூல்.

நம் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும் என்பேன். எங்கள் பள்ளியில் அண்மையில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தம் அலமாரியைக் காலி செய்யும்போது நான்கு பெட்டி அட்டைகளை என்னிடம் தந்தார். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக முப்பது ஆண்டுகளாகத் தம் கையால் எழுதியவை. ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் பென்சிலால் குறிப்பு இருந்தது: ‘ழகரத்தை யகரமாக ஒலிப்பவனுக்கு’, ‘கொம்பை விட்டுவிடுபவளுக்கு’, ‘ணகர னகர மயக்கம், மெதுவாக’. பொதுப் பயிற்றிகள் பலவற்றை அச்சிட்டு விற்கிறார்கள். அவை ஆப்பு வடிவத் திருப்புளிகள். எல்லாப் பிள்ளைக்கும் ஓரளவு பொருந்தும், எப்பிள்ளைக்கும் முற்றாகப் பொருந்தா. அழுத்தித் திருகினால் வழுக்கிப் பிள்ளையின் மனத்தைக் கீறும். அவ்வடு எளிதில் ஆறுவதில்லை. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று பிள்ளையை நகையாடுவோர் உண்டு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் அவள்தான் என் செய்வாள்?

ஆசிரியையின் நான்கு பெட்டிகளையும் மூன்றாம் ஆண்டு குறைநீக்கல் வகுப்புக்குக் கொண்டு சென்றோம். பின்புறக் குறிப்புகள் இருந்தமையால், இளம் ஆசிரியர் ஒருவர் மறுநாளே அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினார். எவரிடமும் சென்று விளக்கம் கேட்கத் தேவைப்படவில்லை.

ஆகவே நண்பர்களே, ஒரு சிறு வேண்டுகோள். தங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ ஒருவர் தம் கையால் செய்த கருவி இருந்து, செய்தவரும் நலமோடு இருப்பாராயின், இன்றே அவரருகில் அமர்ந்து, ‘இது எதற்கு?’ என்று கேளுங்கள். அவர் கூறுவதை அக்கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். தாங்களே செய்ததாயின், தாங்களே எழுதுங்கள்.