கூரைப் பாசியும் குளோரின் தூளும்

வடகிழக்குப் பருவமழை ஓயும் காலமும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும் காலமும் நம் தமிழகத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. சுவருக்கு வெள்ளையடிப்பதும், குடில் அமைப்பதும், பலகாரம் சுடுவதுமாக இல்லங்கள் பரபரப்படையும் அவ்வேளையில், ஏணி வைத்து மேலே ஏறுபவர் கண்ணில் மொட்டை மாடி முழுவதும் படர்ந்த பச்சைப் பாசி தென்படும். காய்ந்தால் அது கருங்கறையாக ஒட்டிக்கொள்ளும். நனைந்தால் கால் வைத்தவரை வழுக்கி வீழ்த்தும். இதனைப் போக்க நம் குடும்பங்கள் பெரும்பாலும் நாடுவது பிளீச்சிங் பவுடரையே. விலை மலிவு, எங்கும் கிடைக்கும், விரைவில் பயன் தரும். ஆயினும் அதனைக் கையாளும் முறையில் நாம் காட்டும் அலட்சியம் சிறிதன்று. ஆதலால் இத்திங்கள் அதைப் பற்றியே எழுத விழைகின்றோம்.

பங்குக் குருவுக்கும் கூரைப் பாசிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் எவரேனும் புன்முறுவல் பூக்கலாம். தொடர்பு மிகப் பழையது! லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தோன்றினால் வீட்டுக்குரியவர் குருவிடம் சென்று அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்வையிட வேண்டும். ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து, மீண்டும் வந்து நோக்க வேண்டும். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்தெறிந்து, சுவரைச் சுரண்டிப் புதிதாய்ப் பூச வேண்டும் என்றெல்லாம் அங்கே விதிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் நம் உள்ளத்தைத் தொடுவது ஒரு சிறு கட்டளை. குரு உள்ளே நுழையுமுன் வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துவிடச் சொல்ல வேண்டும்; அவையும் தீட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதே காரணம். கறையை நோக்குமுன் காக்க வேண்டியவற்றை நோக்கு என்பது அதில் அடங்கிய பாடமன்றோ?

இனி இத்தூளின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1774-இல் சுவீடனில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் ஷீலே குளோரின் வாயுவைக் கண்டறிந்தார். 1799-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொழில் நடத்திய சார்லஸ் டெனன்ட் என்பார், அவ்வாயுவை நீற்றிய சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துணியை வெளுக்க வாரக்கணக்கில் வெயிலில் விரித்துக் காத்திருந்தவர்களுக்கு அது பெரும் பேறாயிற்று. பின்னர், குடிநீரில் கிருமிகளைக் கொன்று எண்ணற்ற உயிர்களைக் காத்ததும் குளோரினே. அதே குளோரினை 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் நச்சுப் புகையாக ஏவி வீரர்களை மடித்ததும் மனிதரே. பொருள் ஒன்றுதான்; காப்பதும் கொல்வதும் கையாள்பவர் கருத்தைப் பொறுத்தன.

கையாளும் முறை எளியதே. நல்ல தூளில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் குளோரின் ஆற்றல் இருக்கும். மூட்டையைத் திறந்து போட்டால் அது நாளடைவில் குன்றிவிடும். ஆதலால் புதிய தூளையே வாங்குக. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நீரை எடுத்து, 300 கிராம் தூளைச் சிறிது சிறிதாக அதிலிட்டுக் குச்சியால் கலக்குக. தூளின்மேல் நீரை ஊற்றலாகாது. அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்க. அடியில் தங்கும் சுண்ணாம்பு தளத்தில் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும். கடும் வெயில் குளோரினை விரைவில் வீணாக்குமாதலால் காலையோ மாலையோ ஏற்ற வேளை. குப்பையைப் பெருக்கி, தெளிநீரைப் பரப்பி, கால்மணி நேரம் ஊறவிட்டுத் துடைப்பத்தால் தேய்த்து, நிறைய நீர்விட்டுக் கழுவுக. கீழேயுள்ள செடிகளை முன்பும் பின்பும் நல்ல நீரால் நனைத்துவிடுக. இத்தூள் இரும்பையும் தகரத்தையும் அரிக்கும். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டதை அறிவீர்கள். கிணற்றுக்கோ தொட்டிக்கோ செல்லும் குழாயை, கழுவி முடித்துத் தளம் தூய்மையாகும்வரை வேறு பக்கம் திருப்பி வைக்க மறவாதீர்.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்க. தூள் பாசியைக் கொல்லுமேயன்றி, பாசி வளரும் காரணத்தைப் போக்காது. நீர் தேங்கும் பள்ளமும், அடைபட்ட வடிகுழாயும், வெயிலை மறைக்கும் மரக்கிளையும் இருக்கும்வரை அடுத்த மழையில் அது திரும்பவும் வரும். பாவத்துக்கு ஏதுவான சமயங்களை விலக்காமல் ஆண்டுதோறும் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றுச் செல்பவரின் நிலையும் இதுதான்.

இதுகாறும் பாசியைப் பற்றிக் கூறினோம். இனிக் கூறப்போவது, அதைத் தேய்க்க மேலே ஏறும் மனிதரைப் பற்றி.

நாம் முன்பு பணியாற்றிய பங்கொன்றில், திருவிழாவுக்கு முன் வசதியுள்ள இல்லம் ஒன்றில் மாடியைக் கழுவக் கூலியாள் ஒருவரை அமர்த்தினர். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீருக்குக் கறை முற்றும் போகவில்லை. பொறுமையிழந்த வீட்டார், கழிப்பறை கழுவும் ஆசிட் புட்டியை மேலே கொடுத்து, அதையும் சேர்த்து ஊற்றச் சொன்னார்கள். அவர் வாளிக்குள் அதை ஊற்றிக் குனிந்ததுதான் தாமதம், மூச்சு அடைத்தது; கண் எரிந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத அம்மாடியின் விளிம்பில் தடுமாறி, ஏணியை எவ்வாறோ பற்றிக் கீழே இறங்கினார். செய்தி அறிந்து நாம் மருத்துவமனைக்குச் சென்றபோது, அவர் பேச இயலாமல் இருமிக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் கையில் அந்த வீட்டார் கொடுத்தனுப்பிய பணம் இருந்தது. வேலை முடியவில்லையாதலால் அரைநாள் கூலி!

அக்குடும்பத்தார் கொடியவரல்லர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். நாம் சென்று எடுத்துரைத்தபின் மருத்துவச் செலவையும், அவர் வேலைக்குத் திரும்பும்வரையான கூலியையும் கொடுத்தனர். அவர் சில நாளில் நலமடைந்தார். எனினும் அந்த அரைநாள் கணக்கு நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மாடியின் கறை கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு, அதைத் தேய்த்தவரின் மூச்சு தெரியாமற் போனதெப்படி?

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல், தொழிலாளரை ஆதாயம் ஈட்டும் கருவியாக நடத்துவது இழிவு என்று இடித்துரைத்தது. ஆலை முதலாளிகளுக்கே அது உரியது என நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு ஓர் ஆளை வேலைக்கு அழைக்கும் ஒவ்வோர் இல்லத் தலைவரும் தலைவியும் அன்று முதலாளியே. அதற்கும் பன்னூற்றாண்டுகள் முற்பட்ட இணைச்சட்ட நூல், புதுவீடு கட்டுபவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்றும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்றும் 22-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறது. விழுபவர் விருந்தினரா கூலியாளா என்று அச்சட்டம் வினவவில்லை.

ஆதலால் அன்பார்ந்த குடும்பத்தினரே, இவ்வாண்டு மாடியைக் கழுவுமுன் இவற்றைக் கடைப்பிடியுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ, கழிப்பறை கழுவும் வேறு நீர்மங்களையோ, அம்மோனியா கலந்தவற்றையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழுவது நச்சு வாயு. தவறி நேர்ந்தால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு விலகி, கண்ணை நல்ல நீரால் கால்மணி நேரம் கழுவி, மருத்துவரிடம் விரையுங்கள். வேலை செய்பவருக்கு ரப்பர் கையுறையும், கண்ணாடியும், வழுக்காத காலணியும் வாங்கிக் கொடுங்கள். ஏணியைப் பிடிக்க ஒருவர் கீழே நில்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எவரையும் ஏற்றாதீர்கள். அது மிதித்தால் உடையும். தேய்த்தால் அதிலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும். மழை வந்து வேலை நின்றாலும் பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள்.

பாலன் இயேசுவுக்கு நம் இல்லம் தூய்மையாக இருக்க வேண்டுமென விரும்புவது நன்றே. அவர் தச்சுத் தொழிலாளியின் குடிலில் வளர்ந்தவர். வேலைக்குச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தின் கவலையை அறிந்தவர். நம் மாடியிலிருந்து இறங்குபவரும் அவ்வாறே தம் பிள்ளைகளிடம் நலமாகத் திரும்பும்படி பார்த்துக்கொள்வோமாக.