ஞானம் போன கதை

34 வயசுல எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஞானத்தையும் நேத்து பிடுங்கிட்டாங்க. ஞானப்பல்லைத்தான் சொல்றேன். இங்க புனேயில இதுக்கு 'அக்கல் தாட்'னு பேரு. அக்கல்னா புத்தி. எந்த ஊர்லயும் இந்தப் பல்லுக்கு மரியாதை மட்டும் பலமா இருக்கு!

பொதுவா 17லேர்ந்து 25 வயசுக்குள்ள முளைக்கிற பல். தாடையில இடம் இல்லேன்னா முன்னாடி பல்லு மேல சாய்ஞ்சு பாதியிலயே நின்னுடும். மேல மூடியிருக்கிற ஈறுக்கு அடியில சாப்பாடு மாட்டி வீங்கும். எனக்கு மூணு மாசத்துல ரெண்டு தடவை. வாயில ஸ்பூன் கூட நுழையல.

எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டரம்மா, வேருக்கு ஒட்டி ஓடுற ஒரு கோட்டைக் காட்டினாங்க. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு அதுக்குள்ளதான் போகுது. பல்லை எடுக்கும்போது அது நசுங்கினா உதடு மரத்துப் போகலாம்; பெரும்பாலும் சில வாரம், சில மாசத்துல சரியாயிடும், அபூர்வமா அப்படியே தங்கிடும்னு சொல்லி கையெழுத்து வாங்கினாங்க. நாள் பூரா போன்ல பேசியே சம்பளம் வாங்குறவன் நான். கை நடுங்கிச்சு.

ஊசி போட்டா வலி தெரியாது. ஆனா அழுத்தம் தெரியும், சத்தமும் கேக்கும். பல்லை ரெண்டா அறுத்து எடுத்தாங்க. மண்டைக்குள்ள யாரோ மரம் பிளக்கிற மாதிரி இருந்துச்சு. முக்கால் மணி நேரம், ரெண்டு தையல்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் நிஜமான வேலை. குழியில உறைஞ்சு நிக்கிற ரத்தம்தான் அதுக்கு மூடி. அது பெயர்ந்தா எலும்பு வெளியில தெரிஞ்சு, ரெண்டு மூணு நாள்ல வலி உயிரை எடுத்துடும். அதனால முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வச்சு உறிஞ்சக் கூடாது. சிகரெட் பக்கமே போகக் கூடாது. 24 மணி நேரம் கழிச்சு வெதுவெதுப்பான உப்புத்தண்ணி.

இதுல இன்னொரு சிக்கல். ஊசியாலயே உதடு சில மணி நேரம் மரத்துத்தான் இருக்கும். நரம்பு தப்பிச்சுதான்னு அதுவரைக்கும் தெரியாது. மூணு மணியிலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஏழு மணி வாக்குல உதட்டோரம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஊர்லேர்ந்து போன்.

"என்னடா, குரலே ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா" சொன்னேன். ரெண்டு உதடும் ஒட்டுறது தெரிஞ்சுது.

அடுத்த சனிக்கிழமை தையல் பிரிக்கணும். அதுவரைக்கும் கஞ்சிதான் மக்களே!