சத்துள்ள சவாரி

கொல்கத்தாவில் என்ன சாப்பிடலாம் என்று வங்காளிகளைக் கேட்டால் மீனில் ஆரம்பித்து, உருளைக்கிழங்கு போட்ட பிரியாணியில் முடிப்பார்கள். மஞ்சள் டாக்ஸி டிரைவரைக் கேட்டால் அவர் முதலில் உங்கள் ஊரை விசாரிப்பார். தமிழர் என்று தெரிந்ததும் லேக் மார்க்கெட் இட்லிக்கு வழி சொல்வார். (இதற்காகவா 1,600 கிலோமீட்டர் வந்தோம்?) "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்பதுதான் உத்தமம்.

அதற்கான பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. முன்பு இங்கே டாக்ஸி ஓட்டியவர்களில் கணிசமானோர் சீக்கியர்கள். அவர்கள் பசிக்குப் பவானிபூர் பக்கம் தாபாக்கள் முளைத்தன. சீக்கிய டிரைவர்கள் அருகிவிட்டார்கள், தாபா நின்றுவிட்டது. முழுப் பச்சைப்பயறில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறும் 'தட்கா'வை, ரொட்டியோடு பார்சல் கட்டிப் போகும் வங்காளிக்கு அது வெளியூர்ச் சரக்கு என்ற நினைப்பே இல்லை.

இன்று மஞ்சள் டாக்ஸி ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் பீகாரிகள். சமஸ்திபூர்க்காரர் ஒருவர் பாராபஜார் அருகே வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னை ஒரு தள்ளுவண்டிக்கு அழைத்துப் போனார். கோபுரமாகக் குவித்த வறுத்த கடலை மாவு, பக்கத்தில் தண்ணீர்க் குடம். மாவின் பெயர் சத்து! தமிழ்க் காதில் விளம்பரம் மாதிரி விழுகிறது. பொய் விளம்பரம் இல்லை. வெங்காயம், பச்சை மிளகாய், கறுப்பு உப்பு, எலுமிச்சை சேர்த்துத் தண்ணீரில் கலக்கித் தந்தார்கள். ஒரு பெரிய டம்ளர் உள்ளே போனால் மாலைவரை பசி எட்டிப் பார்க்காது.

"அடுப்பு வேண்டாம், பாபு. அதுதான் விஷயம்" என்றார். மனைவி, பிள்ளைகள் ஊரில். இவர் இருப்பது ஆறு பேர் படுக்கும் அறையில். இதே சத்தைக் கோதுமை மாவு உருண்டைக்குள் ஓமம், கடுகெண்ணெயுடன் அடைத்துத் தணலில் சுட்டால் லிட்டி. தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்தரிக்காய் மசியல். ஆனால் அதற்கு நெருப்பு வேண்டும், நேரம் வேண்டும், கூட உட்கார்ந்து சாப்பிட நாலு பேர் வேண்டும். லிட்டி ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம்.

உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுபோனது. 15 வருடம் ஓடிய வாடகை வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லி 2008இலேயே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. மஞ்சள் டாக்ஸிகள் குறைந்துகொண்டே போகின்றன. டாக்ஸி ஸ்டாண்டு காலியானால் தள்ளுவண்டிக்காரர் யாரை நம்பி மாவைக் குவிப்பார்? தட்காவுக்குக் கிடைத்த யோகம் சத்துக்கும் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். வீட்டுக்குப் பார்சல் கட்டும் பண்டம் அல்ல அது.

டிரைவரின் மகன் ஸ்டியரிங் பக்கமே வரவில்லை. சென்னையில் கட்டட வேலை. "உங்கள் ஊரில் சத்து கிடைக்குமா?" என்று கேட்டார். பொட்டுக்கடலையை மிக்ஸியில் அரைத்தால் ஏறக்குறைய அதுதான் என்றேன். மிக்ஸி என்றதுமே முகம் சுளித்தார். மணலில் வறுத்து, எந்திரக் கல்லில் அரைக்க வேண்டுமாம். சத் பூஜைக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு கிலோ அரைத்து மகனுக்கு அனுப்பப் போகிறாராம்.